மடியில் கொலு

1

“…அதனாலதான் சொல்றேன், அவன் காலு இந்த ஊர்த் தரையில படுற வரைக்கும் அவளை நான் எழுப்ப மாட்டேன். ராணிங்க அவ! கொலுவுல உட்கார்ந்திருக்கிறவகிட்டப் போயி, ‘கொஞ்சம் எந்திரிம்மா, எங்களுக்கு ஜன்னல் வேணும்’னு யாராச்சும் கேப்பாங்களா?”

இப்படிச் சொன்னவள் என் மனைவி விசாலாட்சி. சொன்ன இடம், கல்கத்தாவில் கிடர்பூர்ப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடி. சரஸ்வதி பூசையன்று மத்தியானம். வானம் ஈயம் பூசாத பாத்திரம் போலக் கறுத்துக் கிடந்தது. துறைமுகத்துக் கம்பத்தில் புயல் அடையாளம் ஏறியதைப் பார்த்துவிட்டு, கப்பல் துறையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நான் நின்றேன். அவளோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொலுப்படிக்கு முன்னால் நின்றாள்.

இதெல்லாம் நடந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் கம்பத்தில் மறுபடியும் கறுப்பு உருண்டையை ஏற்றினார்கள். புயல் எங்கள் பக்கம் வராமல் வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் அதைக் கேட்டவுடனே என் மகள் கமலா, “பாபா, மடி யாரோடது முதல்ல?” என்று கேட்டாள். பக்கத்து வீட்டார் யாருக்கும் அது புரியவில்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் சிரித்தோம். ஊரில் இருக்கிற உங்களுக்கும் புரியட்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

அப்பா என்று கூப்பிட வேண்டிய பெண் என்னை ‘பாபா’ என்று கூப்பிடுகிறாளே என்று நினைப்பீர்கள். இந்த ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும். அவளும் அப்படியே பிடித்துக்கொண்டாள். ஆரம்பத்தில் திருத்தினேன். பிறகு, கூப்பிட்டால் போதும் என்று விட்டுவிட்டேன்.

2

ஜன்னலுக்கும் கொலுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

விசாலம் நாகப்பட்டினத்துப் பெண். நானும் அங்கேதான். அவள் பிறந்த வீட்டில் கொலுவுக்கென்றே தேக்கில் செய்த படிகள் உண்டு. கழற்றிப் பரணில் போட்டு வைப்பார்கள். கல்கத்தாவுக்கு வரும்போது பொம்மைகளை மட்டும் வைக்கோலில் சுற்றி எடுத்து வந்தாள். படியைக் கொண்டுவர முடியுமா? முதல் இரண்டு மூன்று வருஷம் தகரப் பெட்டிகளையும் தேயிலைப் பெட்டிகளையும் அடுக்கி, மேலே என் வேட்டியை விரித்து, ஐந்து படி ஆக்கினோம். புயல் வந்த வருஷம் அவளுக்கு ஏழு படி வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. காரணம், இந்த ஊர்ப் பொம்மைகள். கிருஷ்ணநகர்க் களிமண் பொம்மைகள் என்று இங்கே விற்பார்கள். பார்த்தால் பேசிவிடும் போல இருக்கும். குடை பிடித்த குமாஸ்தா ஒருவர், மீன் கூடையோடு ஒரு பெண்பிள்ளை, வாழைப்பழம் தின்னும் சாமியார் என்று ஒரு பட்டாளமே எங்கள் வீட்டுக்குக் குடிவந்திருந்தது.

“குமாஸ்தாவை மேல்படியில வைக்க முடியாதுங்க. உங்க ஜாடையா இருந்தாலும் அவரு கீழ்ப்படிதான்” என்றாள் விசாலம். “இன்னும் ரெண்டு படி வேணும்.”

பலகைக்கு எங்கே போவது? அறையின் தெற்குச் சுவரில் ஒரு பெரிய ஜன்னல். அதற்குப் பச்சை வர்ணம் அடித்த, கனமான இரண்டு மரக் கதவுகள். கீல்முளையை உருவிவிட்டால் கையோடு வந்துவிடும். நீளமும் அகலமும் அளந்து செய்தது போல இருந்தன.

இந்த இடத்தில் நான் செய்த தப்பு ஒரு நாகப்பட்டினத்துக்காரன் மட்டுமே செய்யக்கூடியது. எங்கள் ஊரில் புரட்டாசி என்றால் மழை இனிமேல்தான் வரும். ஐப்பசி, கார்த்திகையில்தான் ஜன்னல் கதவுக்கு வேலை. இந்த ஊரிலோ, புரட்டாசி பிறந்தால் மழைக்காலம் முடிந்தது என்று எல்லாரும் சொல்வார்கள். வானம் நீலமாகும், வெள்ளை மேகம் மிதக்கும், பூசைக்குப் புதுத்துணி வாங்கக் கூட்டம் அலைமோதும். இரண்டு ஊர்க் கணக்கையும் சேர்த்து வைத்து, நமக்குச் சாதகமாக ஒன்றை எடுத்துக்கொண்டேன். மழை இங்கே முடிந்துவிட்டது, நம்ம ஊர் மழை இங்கே வராது. ஆகவே ஜன்னலுக்குக் கதவு வேண்டாம்! தூக்கினேன், பெட்டிகள் மேல் வைத்து ஆணி அடித்தேன். கீல்முளைகளை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

ஏழு படியும் நிமிர்ந்து நின்றது. உச்சியில் விசாலத்தின் ராஜராஜேஸ்வரி. ஒரு முழ உயரம், சிவப்புப் புடவை, கையில் கரும்பு வில். அவளுடைய அம்மா கொடுத்த பொம்மை. மற்றதெல்லாம் சேர்ந்த கூட்டம். கொலு என்றால் அவள்தான்.

கொலுவை வைத்தால் விஜயதசமிவரை கலைக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அன்று மாலை ஆரத்தி எடுத்து, பாட்டுப் பாடி, ஒரு பொம்மையைப் படுக்க வைத்த பிறகுதான் மற்றதைத் தொடுவோம். அதோடு சரஸ்வதி பூசையன்று புத்தகம், பேனா, சுத்தியல், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் படியடியில் வைத்துவிட்டால், மறுநாள்வரை அவற்றைத் தொடுவதில்லை. அதாவது புயல் வந்த அன்று, எங்கள் ஜன்னல் பூசையில் இருந்தது. ஜன்னலைக் கழற்றும் சுத்தியலும் பூசையில் இருந்தது.

3

அன்று காலை நான் ஏன் கப்பல் துறையில் இருந்தேன் என்பது தனிக் கதை.

துர்க்கா பூசைக்குக் கல்கத்தாவே ஆபீஸை மூடிவிடும். ஆனால் கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் யாராவது ஒருவர் இருந்துதானே ஆகவேண்டும்? எங்கள் பெரிய பாபு, அதாவது தலைமைக் குமாஸ்தா, ஒவ்வொரு வருஷமும் ஒரே பேச்சுத்தான் பேசுவார்: “பிள்ளை பாபு இருக்கிறாரே! மதராஸிக்கு என்ன பூசை? அவர் வீட்டில் துர்க்கையா இருக்கிறாள்? புளிதான் இருக்கிறது.” நான் ஒரு தடவை, எங்களுக்கும் ஒன்பது நாள் பூசை உண்டு, படி வைத்துப் பொம்மை வைப்போம் என்று விளக்கிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பொம்மை ஓடிப்போகாது, நீ வா” என்றார்.

போனேன். பேனா பூசையில் இருந்தபடியால் வெறும் கையோடு போனேன். அன்று எழுத்து வேலை கிடையாது என்பது என் விரதம். மூட்டைகளை நான் வாயால் எண்ணிச் சொல்ல, சரங்கு கரித்துண்டால் பலகையில் கோடு போட்டார். சரங்கு என்றால் கப்பல் கூலிகளுக்கு மேஸ்திரி. சிட்டகாங்குப் பக்கத்து முஸ்லிம், வெற்றிலையும் சிரிப்புமாக இருப்பார். அவர் வாயிலிருந்து வருவதை எல்லாம் நான் மனசில் முடிந்து வைத்துக்கொள்வேன்.

ஊரில் புயல் கடலிலிருந்து வரும். நிறம் மாறுவதைப் பார்ப்போம், மணம் மாறுவதை முகர்வோம், வலைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்து நாமும் ஓடுவோம். இங்கே கடல் கண்ணில் படாது. புயல் தந்தியில் வரும். அலிப்பூர் வானிலை ஆபீஸிலிருந்து சேதி வந்தது என்பார்கள்; கம்பத்தில் கறுப்பாக ஒன்றை ஏற்றுவார்கள். உருண்டை இருந்தால் ஒரு பொருள், கூம்பு இருந்தால் ஒரு பொருள். அதுவரை இலைகூட அசையாது.

அன்று உருண்டையை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றினார்கள். சரங்கின் முகத்தில் சிரிப்பு நின்றது. தார்ப்பாய்களை இழுத்துக் கட்டச் சொல்லிக் கத்தினார்.

“பயப்பட வேண்டுமா?” என்று கேட்டேன்.

“இந்த அடையாளம் பயப்படச் சொல்லி இல்லை பாபு. வரிசையாக நின்று பயப்படச் சொல்லி” என்றார்.

“மதராஸ் கப்பல்?”

அவர் ஆற்றைப் பார்த்தார். “இன்னும் ஆற்று வாய்க்கே வரவில்லை. கப்பல்காரனுக்கு அறிவிருந்தால் ஆழக்கடலிலேயே நிற்பான். அவனுக்கு அறிவு உண்டு.”

மதராஸ் கப்பலில் வருகிறவன் விசாலத்தின் தம்பி சோமசுந்தரம். ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை பேசி வைத்திருந்தேன். அப்போதே ரயில் வந்துவிட்டது; ரயிலில் வந்திருக்கலாம். வருகிறேன் என்றுதான் எழுதினான். விசாலம்தான், “கப்பல்ல வா, அம்மாகிட்ட நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி வாங்கிக்கிட்டு வா, ரயில்ல குலுக்கி உடைச்சுப்புடுவாங்க” என்று என்னை எழுத வைத்தாள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் கொலுப்படிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றதற்கு இந்த ஜாடிதான் காரணம்.

வீட்டுக்கு ஓடவேண்டும். ஆனால் சட்டம் இருக்கிறதே! சின்ன துரை ஒருவர் மட்டும் ஆபீஸில் இருந்தார். விண்ணப்பம் எழுதாமல் யாரையும் விடமுடியாது என்றார்.

“இன்றைக்கு நான் எழுதக் கூடாது துரையே. எங்கள் வழக்கம்.”

“நீ குமாஸ்தா அல்லவா?”

“குமாஸ்தாவாக இருப்பதால்தான் கூடாது.”

அவர் என்னையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாமே எழுத ஆரம்பித்தார். காரணம் என்ன என்றார். என் ஜன்னல் தேவியின் காலடியில் இருக்கிறது என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அது எப்படி வந்ததோ, அவர் பேனா நின்றுவிட்டது. “வீட்டு வேலை” என்று எழுதிக்கொண்டு, “கையெழுத்தாவது போடுவாயா?” என்றார். அதுவும் எழுத்துத்தானே? பத்து வருஷமாகப் பேனா பிடித்துச் சோறு தின்கிறவன், அன்று மையைத் தடவிக் கட்டைவிரல் ரேகை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்தத் தாளைப் பிற்பாடு பெரிய பாபு பார்த்து, “பூசை விடுமுறையில் நம்ம பிள்ளை பாபு படித்ததெல்லாம் மறந்துபோனார்” என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

4

வீட்டுக்கு வந்து, ஜன்னல் வேண்டும் என்றேன். அதற்கு விசாலம் சொன்னதைத்தான் முதலிலேயே படித்தீர்கள்.

“விசாலம், காத்து தெக்கேருந்து வரும். ஜன்னல் திறந்து கிடந்தா உள்ள புகுந்து ஓட்டைப் பிரிச்சிரும். அப்புறம் கொலுவும் இருக்காது, கொலு வச்ச நாமளும் இருக்க மாட்டோம்.”

“வேற பலகை வாங்கியாங்க.”

“மகாநவமியில எவன் கடை திறந்து வச்சிருக்கான்?”

“பாய் கட்டுங்க.”

“புயலுக்குப் பாயா?”

அவள் கண் கலங்கிவிட்டது. “ஊறுகாய்க்காகத் தம்பியைக் கடல்ல ஏத்தினவ நானு. இப்ப ஜன்னலுக்காக இவளையும் இறக்கிவிடச் சொல்றீங்க. இறக்கிப்புட்டு, அவன் வந்து சேருவான்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் கேக்குறது? சொல்லுங்க!”

சாமி விஷயத்தில் நான் அவ்வளவு கெட்டி இல்லை. ஆனால் சோமு விஷயத்தில் எனக்கும் பயம் இருந்தது.

அப்போது கமலா நடுவில் புகுந்தாள். அவளுக்கு எட்டு வயது. தமிழும் வங்காளியும் ஒரே வாயில் அடித்துக்கொண்டு வரும். “அம்மா, சுத்தியலை எடுத்துக்கலாம்! சரஸ்வதி பூஜோ மாசி மாசம்தான். கீழ மாஷிமா வீட்டுல அப்பத்தான் புஸ்தகம் வைப்பாங்க. இப்ப சரஸ்வதி அவங்க அம்மாகூட லீவுக்கு வந்திருக்கா. லீவுல அவ சுத்தியலைப் பார்க்க மாட்டா.”

அழுதுகொண்டிருந்த விசாலம் சிரித்துவிட்டாள். “இதெல்லாம் யாருடி உனக்குச் சொல்லித் தர்றது?”

“எல்லாருக்கும் தெரியுமே!”

எல்லாருக்கும் என்றால் இந்தத் தெருப் பிள்ளைகளுக்கு. இவர்கள் கணக்கே வேறு. நமக்கு அம்பாள் கொலுவிருக்கும் ராணி. இவர்களுக்கு அவள் வருஷத்துக்கு ஒரு தடவை, சரஸ்வதியும் சேர்ந்த பிள்ளைகுட்டிகளோடு தாய்வீட்டுக்கு வந்து போகும் பெண். கைலாசத்திலிருந்து வருகிறாள், நாலு நாள் இருக்கிறாள், அழுதுகொண்டு அனுப்பி வைக்கிறார்கள். என் மகள் இரண்டையும் ஒரே சமயத்தில் நம்பினாள். அவளுக்கு அதில் ஒரு சிக்கலும் இல்லை.

சுத்தியல் பிரச்சினை ஒருவழியாகத் தீர்ந்தது. படி தீரவில்லை. மழை சாய்வாக விழ ஆரம்பித்தது. திறந்த ஜன்னல் வழியாகச் சாரல் வந்து, கீழ்ப்படியில் இருந்த குடை பிடித்த குமாஸ்தாவின் மேல் விழுந்தது.

அந்த நேரத்தில்தான் மாடிப்படியில் காலடி கேட்டது. வீட்டுக்காரி மாஷிமா. மாஷிமா என்றால் நம்ம சித்தி, பெரியம்மா மாதிரி. கீழ்க்கட்டில் தனியாக இருக்கிற விதவை. எங்களுக்கு வீடு கொடுத்ததற்குக் காரணமே நாங்கள் சைவம் என்பதுதான். இந்த ஊரில் விதவைகள் மீன் தொடமாட்டார்கள். மீன் மணக்காத குடித்தனக்காரரைத் தேடித் தேடி எங்களைப் பிடித்தாள். “மற்ற பாஷையெல்லாம் மெதுவாகக் கற்றுக்கொள்ளலாம், மூக்குக்கு உடனே நிம்மதி வேண்டும்” என்பாள்.

வெள்ளைப் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. பின்பக்கத்து ஆதிகங்கை வாய்க்கால் எதிர்த்து ஏறி, அவள் வீட்டுத் தரைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. மூச்சு வாங்க வந்தவள், எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், காய்ந்த மூலையாகப் பார்த்து உட்கார்ந்தாள். முந்தானையைப் பிரித்தாள். உள்ளே அவளுடைய கோபாலன். தவழும் குழந்தை வடிவில் ஒரு சாண் பித்தளை விக்ரகம். அதைத் தினமும் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்க வைத்து எழுப்புகிறவள் அவள். ஈரத்தைத் துடைத்தாள், மடியில் வைத்துக்கொண்டாள்.

விசாலம் பதறிப்போய், தட்டுத் தடுமாறின வங்காளியில், “சிங்காசனம் எங்கே மாஷிமா? அவரை இப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்களா?” என்றாள்.

“சிங்காசனம் கீழே நீந்திக்கொண்டிருக்கிறது, பௌமா.” விசாலத்தை மருமகளே என்றுதான் அவள் கூப்பிடுவாள். “அதற்கென்ன? என் மடி நனையவில்லையே.”

இவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, மீன்காரி பொம்மையைப் பார்த்து, “அவளைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வை, கோபாலனுக்கு வாசனை வரும்” என்றாள்.

விசாலம் கொஞ்ச நேரம் அந்த மடியையே பார்த்தாள். அப்புறம் கைகாலைக் கழுவிக்கொண்டு வந்தாள். கற்பூரம் காட்டினாள். நாற்காலி போட்டு ஏறி, உச்சிப்படியிலிருந்த ராணியை இரண்டு கையாலும் எடுத்தாள். தரையில் வைக்கவில்லை. அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி, சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் நேராக உட்கார வைத்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

“எந்திரிக்கல அவ. இடம் மாறி உட்கார்ந்திருக்கா, அவ்வளவுதான்” என்றாள் என்னிடம். “இப்ப எடுத்துக்கங்க உங்க ஜன்னலை!”

5

குங்குமம் வைத்த சுத்தியலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்தேன். கமலா பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தர, நான் வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிகளில் போட்டேன். பலகைகளைப் பெயர்த்து, ஜன்னலில் குறுக்காகச் சாத்தி, உள்பக்கமாக ஆணி அடித்தேன். பொம்மைகள் நின்ற இடமெல்லாம் மஞ்சளும் அட்சதையும் வட்டம் வட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டேதான் புயல் முழுவதையும் கழித்தோம்.

அரிக்கேன் விளக்கைத் தூண்டி நடுவில் வைத்தோம். காற்று முதலில் ஊதுவது போல வந்தது. பிறகு தள்ளுவது போல வந்தது. பலகை உள்ளே வளைந்து வளைந்து நிமிர்ந்தது. ஓட்டின் மேல் யாரோ நடப்பது போல, பிறகு ஓடுவது போல, பிறகு ஓட்டையே உரிப்பது போலச் சத்தம். நான் பலகைக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதனால் பெரிய பிரயோசனம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் ஓர் ஆம்பிளை ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும் அல்லவா?

ஊரில் புயல் என்றால் எங்கள் தெருவே ஒரு வீட்டில் கூடிவிடும். கட்டட வீடு யாருடையதோ அங்கே. இருபது முப்பது பேர் ஒரு கூடத்தில், யார் பிள்ளை யார் மடியில் என்று தெரியாமல் கிடப்போம். ஒருத்தர் பேய்க்கதை சொல்வார், ஒருத்தர் பொரி வறுப்பார். இங்கே நாங்கள் நாலே பேர். ஆனால் அந்த அறையைப் பார்த்தபோது கூட்டம் குறைவாகத் தோன்றவில்லை. எதிரும் புதிருமாக இரண்டு பெண்கள், இரண்டு மடி, இரண்டு சாமி. நடுவில் என் மகள் சுண்டல் தின்றுகொண்டு, இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கத்துக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க ராணிக்குப் பசிக்காதான்னு மாஷிமா கேக்குறா.”

“சுண்டல் வச்சாச்சுன்னு சொல்லு.”

“கோபாலனுக்குச் சுண்டல் கொடுக்கலாமான்னு கேக்குறா. காரம் இருக்குமாமே?”

“குழந்தைதானே, தேங்காயை மட்டும் பொறுக்கிக் கொடுக்கச் சொல்லு.”

மாஷிமா தேங்காய்ப் பல்லைப் பொறுக்கிப் பொறுக்கிக் கோபாலனுக்குக் காட்டினாள். எனக்கு ஒரு வருத்தம் உண்டு: கமலா தமிழை இரவல் வாங்கினவள் போலப் பேசுகிறாளே என்று. அன்று ஒரு பாஷைக்கும் இன்னொரு பாஷைக்கும் நடுவில் அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தபோது அந்த வருத்தம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது, பொய் சொல்வானேன்?

காற்று உச்சத்துக்கு வந்தபோது பேச்சு நின்றுவிட்டது. கமலா மாஷிமாவின் தொடையில் தலை வைத்துத் தூங்கிப் போனாள். விசாலம் குனிந்து, தன் மடியில் இருந்தவளிடம் பேசினாள். எனக்குக் கேட்க வேண்டும் என்று பேசவில்லை, ஆனால் கேட்டது.

“நீ உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அவனும் எங்கயாவது உட்கார்ந்திருப்பான். சாஞ்சிராதே ஆத்தா.”

அவள் கால் மரத்துப் போயிருக்கும். மாற்றி உட்காரவில்லை.

6

விடிந்தபோது காற்று களைத்துப் போயிருந்தது. ஓடு பாதி போயிற்று, ஜன்னல் நின்றது. தெருவில் வேப்பமரம் ஒன்று டிராம் பாதையில் படுத்திருந்தது. பூசைப் பந்தலின் மூங்கில் எங்கள் வாசலில் கிடந்தது. மாஷிமா கோபாலனைத் தூக்கிக்கொண்டு கீழே போய், வீட்டிலிருந்து தண்ணீரை விளக்குமாற்றால் தள்ள ஆரம்பித்தாள்.

அன்று விஜயதசமி. மாலையில் ராணியைப் படுக்க வைக்க வேண்டும். விசாலம் மறுத்துவிட்டாள். சோமு வரட்டும் என்றாள். “வராம இவளைப் படுக்க வைக்கிறது நல்லா இல்லைங்க.” ஆனால் வீடென்று ஒன்று இருக்கிறதே, சமைக்க வேண்டாமா, ஈரத்தை வழிக்க வேண்டாமா? ஆகவே மடி முறை வந்தது. அவள் அடுப்படிக்குப் போனால் ராணி கமலா மடியில். கமலா விளையாடப் போனால் என் மடியில். நான் கிணற்றடிக்குப் போனால், மாஷிமா மேலே வந்து, ஒரு தொடையில் கோபாலனும் மறு தொடையில் ராணியுமாக உட்காருவாள். “அக்கா தம்பி மாதிரி இருக்கிறார்கள்” என்பாள்.

மறுநாள் என் முறை. வேட்டியும் திறந்த மார்புமாக, மடியில் கரும்பு வில் ஏந்திய அம்பாளோடு நான் உட்கார்ந்திருந்தபோது, ஆபீஸ் பியூன் வந்து நின்றான். என்னைப் பார்த்தான், பொம்மையைப் பார்த்தான். “பாபுவுக்கு உடம்பு சரியில்லையா?” என்றான்.

“நல்லாத்தான் இருக்கிறேன். எழுந்திருக்க முடியாது. சேதி என்ன?”

தந்திக் கம்பிகள் சரியாகிவிட்டன. மதராஸ் கப்பல் பத்திரம். புயல் அடையாளத்தைப் பார்த்துவிட்டு விசாகப்பட்டினத்தைத் தாண்டாமலே நின்றுவிட்டதாம். விசாலம் கரண்டியோடு ஓடி வந்தாள். நான் சொன்னதைக் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தம் திரும்பி வருவதைப் பார்த்தேன்.

“அப்ப படுக்க வச்சிரலாமா?” என்றேன். எனக்குத் தொடை வலித்தது.

“கப்பல்தானே நின்னிருக்கு? அவன் கால் எங்க நிக்குதுன்னு பியூன் சொன்னாரா?” என்றாள். “உட்காருங்க.”

உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆயிற்று. ஆணி அடித்த ஜன்னலின் இடுக்கு வழியாக மஞ்சள் வெயில் கோடு கோடாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. கீழே மாஷிமாவின் குரல் கேட்டது: “பௌமா! உன் நாட்டு ஆள் ஒருத்தன் வந்து என் காலில் விழுகிறான், வந்து பார்!”

சோமு படியேறி வந்தான். தலையில் நாலு நாள் தூசி, கண் இரண்டும் செக்கச் செவேலென்று. இரண்டு கையாலும் எதையோ கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். துணி கட்டிய பீங்கான் ஜாடி.

“மாமா, கடல் எனக்கு ஒத்துக்கலைங்க மாமா” என்றான் வெட்கத்தோடு. “நாகப்பட்டினத்துக்காரன்னு சொன்னா கப்பல்ல எல்லாரும் சிரிக்கிறான். ஒரே வாந்தி. விசாகப்பட்டினத்துல இறங்கி ரயில் ஏறிட்டேன். பெட்டியெல்லாம் கப்பல்லதான் வருது. வழியில தண்டவாளத்துல தண்ணின்னு ரயிலை வேற நிறுத்திப் போட்டுட்டாங்க.” பிறகு அக்காளைப் பார்த்து, பயந்தவன் போல, “ஜாடி உடையலைக்கா. கீழ வைக்கவே இல்ல. வழி நெடுக மடியிலேயே வச்சிக்கிட்டு வந்தேன்.”

கமலா என்னைப் பார்த்தாள், நான் கமலாவைப் பார்த்தேன்.

விசாலம் அவனுடைய செருப்பில்லாத கால் இரண்டையும் பார்த்தாள். சேறு அப்பி, எங்கள் வீட்டுத் தரையில் நின்றன. அழவில்லை, திட்டவும் இல்லை. அவன் கையிலிருந்த ஜாடியை வாங்கி ஓரமாக வைத்தாள். தோளைப் பிடித்து அழுத்தி, அவனைச் சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார வைத்தாள். என் மடியிலிருந்து ராணியை எடுத்து அவன் மடியில் வைத்தாள். பிறகு கொண்டையை முடிந்துகொண்டு, குங்குமம் அழியாத சுத்தியலை எடுத்துக்கொண்டு, மறுபடியும் படி கட்ட ஜன்னலைக் கழற்றப் போனாள்.